நண்டு நெபுலா பற்றி மைனிக்கு ஒரு செய்தி

என் மைனிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்துக்கு இந்தச் செய்தி ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்குமோ என்னவோ. வந்திருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வெடித்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம் என்பீர்களே, அந்த நண்டு நெபுலாவின் காமாக் கதிர்களுக்குத் திசை இருக்கிறது, மைனி. அளந்துவிட்டார்கள்.

போன வாரம் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்தேன். வெளிநாட்டுக்காரர்களின் செயற்கைக்கோள் ஒன்று பல வருஷம் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துச் சேர்த்த கணக்கு. படித்து முடித்ததும் கை தானாகப் போனை எடுத்தது. உங்கள் எண்ணை அழுத்தப் போனேன். பாதியில்தான் நினைவு வந்தது. பக்கத்து இருக்கைப் பெண், "எந்தா சேச்சி, முகம் வல்லாதே?" என்று என் முகம் மாறியதைப் பார்த்துக் கேட்டாள். ஒன்றுமில்லை, வீட்டில் ஒருவருக்கு நல்ல சேதி வந்திருக்கிறது என்று சொன்னேன்.

நாகர்கோவில் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்பார்கள். நான் ஒரு தடவை நாகரிகமாக அண்ணி என்று கூப்பிட்டதற்கு, "அது சினிமாவுல வர்ற ஆளு, நான் மைனிதான்" என்றீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு வேறு பெயரே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் உங்களை டாக்டர் செண்பகவல்லி என்று அழைக்கும்போது நான் மட்டும் கம்ப்யூட்டர் அறையிலிருந்து "மைனி" என்று கத்துவேன். மலையாளிகள் அதை ஏதோ பதவிப் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வடசேரியில் உங்களைப் பெண் பார்க்க நாங்கள் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா உங்கள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "என்ன ஜோலி மக்கா உனக்கு?" என்று கேட்டாள். திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வானத்துல இருந்து ஒரு வெளிச்சம் வருது அத்தை. கண்ணுக்குத் தெரியாது. அது எந்தப் பக்கமா ஆடிக்கிட்டு வருதுன்னு பாக்கணும்" என்றீர்கள். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைவீதியில் நட்டும் போல்ட்டும் விற்கிற என் அண்ணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதப் பாத்துட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்துருவீங்களா?" என்று கேட்டான்.

"பெரும்பாலும்" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உன் மைனியைக் கட்டினேன் என்று அண்ணன் பிற்பாடு சொன்னான். கட்டாயம் வருவேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டானாம்.

மணக்காட்டு வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் நீங்கள் பாடம் எடுத்தீர்கள். துணிக்கொடியின் ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்து, மறுமுனையை நீங்கள் மேலும் கீழும் ஆட்டினீர்கள். பிறகு பக்கவாட்டில் ஆட்டினீர்கள். வெளிச்சமும் இப்படித்தான் ஆடிக்கொண்டு வரும், சாதாரணமாக எல்லாப் பக்கமும் கலந்து ஆடும், சில இடங்களிலிருந்து வருவது மட்டும் ஒரே பக்கமாக ஆடும் என்றீர்கள். தளவிளைவு என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான். நாங்கள் எல்லோரும் போலரைசேஷன் என்றோம். அம்மா மட்டும் கடைசிவரை "அந்த ஆட்டம்" என்றாள்.

கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமென்றால் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம். காமாக் கதிர் எந்தத் தகட்டையும் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால் அதை ஒரு பிளாஸ்டிக் தண்டில் மோதவிட வேண்டும். மோதினால் தெறிக்கும். தான் ஆடுகிற பக்கமாக அதிகம் தெறிக்காது, அதற்குக் குறுக்கேதான் அதிகம் தெறிக்கும். தண்டைச் சுற்றி வட்டமாகப் படிகங்களை நிறுத்திவைத்து, எந்தப் படிகத்தில் அதிகம் விழுகிறது என்று எண்ணினால் போதும். ஆனால் காமாக் கதிரைக் காற்று தரைவரை வரவிடாது. எனவே கருவியைக் காற்று மெலிந்துபோன உயரத்துக்கு, விமானங்கள் பறப்பதற்கும் வெகு மேலே, ஒரு பெரிய பலூனில் கட்டி அனுப்ப வேண்டும்.

"அது ஆடுற பக்கம் தெரிஞ்சா என்ன கிடைக்கும்?" என்று அண்ணன் கேட்டான். வியாபாரியின் கேள்வி.

"அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல யாரும் போக முடியாதுல்லா. அங்க உள்ள காந்தம் எப்படிப் படுத்துக் கிடக்குன்னு இங்க இருந்தே தெரிஞ்சுக்கிடலாம்."

"ஓ" என்றான் அண்ணன். கொடியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

நான் கணக்கில் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். உங்கள் திட்டத்துக்கு நிரல் எழுத ஒரு ஆள் தேவைப்பட்டபோது நேர்முகத்துக்கு வரச்சொன்னீர்கள். நான் உள்ளே வந்ததும் நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். வேறு மூன்று பேர்தான் கேள்வி கேட்டார்கள். வேலை கிடைத்தபின், "நான் இருந்திருந்தா உன்ன எடுத்திருக்க மாட்டேன், ரொம்ப வேகமாப் பேசுத" என்று சிரித்தீர்கள். ஒப்பந்த வேலைதான். திட்டம் இருக்கும்வரை நான் இருப்பேன்.

அந்த வருஷங்கள்தான் நம் இருவருக்கும் நல்ல வருஷங்கள். இல்லையா மைனி? காலையில் ஒரே பஸ், மத்தியானம் ஒரே டிபன் கேரியர். உங்கள் சோடியம் அயோடைடு படிகங்களுக்கு ஈரம் ஆகாது. நம் ஊர் மழைக்கோ ஈரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. படிகங்கள் இருந்த அறைக்கு மட்டும் எப்போதும் ஏசி ஓடும். வீட்டில் அம்மா வியர்த்துக்கொண்டு விசிறியால் வீசிக்கொண்டிருக்கும்போது, "ஒம் பிள்ளைகளுக்கு நல்ல குளிர்ச்சி" என்பாள். பிள்ளைகள் என்று அவள் சொன்னது படிகங்களை. உங்களுக்குக் குழந்தை இல்லை என்று யாராவது வீட்டுக்கு வந்து இழுக்கும்போதும் அம்மா அதையே சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அந்த நேரத்தில் நீங்கள் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

பலூன் ஹைதராபாத்தில் ஏறியது. ஒரு சித்திரை மாதம். அந்த மாதத்தில்தான் மேலே காற்று அடங்கியிருக்கும் என்றீர்கள். விடிகிற நேரம், மைதானத்தில் பலூனின் உச்சியில் மட்டும் வாயு ஏறி, மற்றதெல்லாம் தரையில் நீளமாகக் கிடந்தது. நம் கருவி ஒரு வண்டியின் மேல் தெர்மாகோல் போர்த்திக்கொண்டு காத்திருந்தது. அந்தத் தெர்மாகோல் முழுவதும் அண்ணன் சாலைக் கடைவீதியிலிருந்து நம் ஆய்வுக்கூடத்துக்கு ஆட்டோவில் ஏற்றி வந்தது. பலூனை விட்டார்கள். சத்தமே இல்லாமல் அது எழுந்தது. இவ்வளவு பெரிய பொருள் இவ்வளவு மௌனமாகப் போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நீங்கள் என் முழங்கையைப் பிடித்திருந்தீர்கள். நகம் பதிந்தது. நான் சொல்லவில்லை.

நண்டு நெபுலா அன்று பகலில்தான் உதித்தது. நம் கண்ணுக்கு அது வெறும் நீல வானம். கருவிக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். மத்தியானம் முழுக்க நீங்கள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். வெயில் தாழ்வதற்குள் அந்த நட்சத்திரம் கிழக்கிலிருந்து தலைக்கு மேலே வந்து மேற்கே சாய ஆரம்பித்தது. பிறகு கீழிருந்தே கட்டளை அனுப்பிக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். கருவி பாராசூட்டில் இறங்கி, எங்கோ ஒரு சோளக் காட்டில் சாய்ந்து நின்றது. நாம் போய்ச் சேரும்போது ஊரே கூடி நின்றது. ஒரு அம்மா அதற்குக் குங்குமம் வைத்திருந்தாள். ஒரு படிகம்கூட உடையவில்லை. நீங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்து திரும்பிய பிள்ளைகளை எண்ணுவதுபோல.

திருவனந்தபுரம் திரும்பி, முதல் படத்தை நான்தான் போட்டேன். வட்டத்தில் எந்தத் திசையில் எவ்வளவு விழுந்தது என்கிற படம். ஒரே பக்க ஆட்டம் இல்லையென்றால் அது ஒரு நேர்கோடாக வரும். ஒரே பக்கமாக ஆடினால் இரண்டு மேடு, இரண்டு பள்ளமாக அலை வரும். வந்தது அலை. அவ்வளவு அழகான அலை. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நம் இயக்குநர் மேலிடத்துக்கு அப்போதே போன் செய்துவிட்டார். யாரோ லட்டு வாங்கிவரப் போனார்கள்.

நீங்கள் கைதட்டவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "சுபா, பகல ரெண்டாப் பிரி. நட்சத்திரம் கிழக்க இருந்தப்ப வந்தது தனியா, மேற்க போனதும் வந்தது தனியா" என்றீர்கள்.

பிரித்துப் போட்டேன். இரண்டு அலைகள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அப்படியே பொருந்தின. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த இயக்குநர் சந்தோஷத்தில், "கண்டோ? ரெண்டும் ஒண்ணு போலத் தன்னே. இதுக்கு மேல என்ன வேணும் டாக்டரே?" என்றார்.

நீங்கள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்து இரண்டு அலைகளையும் பார்த்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "ஒண்ணு போல இருக்கக் கூடாது சார்."

எனக்கு அப்போது புரியவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் விளக்கினீர்கள். நட்சத்திரம் கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது, கருவியிலிருந்து பார்த்தால் அதன் சாய்வு மாறிக்கொண்டே போகும். உதிக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் நிலாவின் பிறை, மறையும்போது வேறு பக்கம் சாய்ந்திருக்கிறதே, அதைப்போல. அவசரத்தில் போட்ட அந்தப் படத்தின் திசைகளெல்லாம் பலூனில் தொங்கிய, கருவி இருந்த கூடையின் திசைகள். அலை நட்சத்திரத்திலிருந்து வந்திருந்தால் அது நட்சத்திரத்தோடு சேர்ந்து திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அப்படியென்றால் அது கூடையைச் சேர்ந்தது. வானத்தைச் சேர்ந்ததில்லை.

"கூடைல என்ன மைனி இருக்கு?"

"அதான் தெரியல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து ஹர்த்தால். பஸ் ஓடாது, கடை திறக்காது, ஆய்வுக்கூடத்திலும் ஆள் இருக்காது. உங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அண்ணன் விடியும் முன்பே நம் இருவரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சந்துகள் வழியாகக் கொண்டுவந்து விட்டான். திரும்பிப் போகச் சொன்னீர்கள். "கடைதான் பூட்டிக் கெடக்கே, இங்கனேயே இருக்கேன்" என்று வாசலில் பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே நாம் கருவியை ஹைதராபாத்தில் பறந்தபோது இருந்த மாதிரியே கட்டினோம். அறையின் மறுகோடியில் ஒரு சிறிய கதிரியக்க மூலத்தை வைத்தீர்கள். அதிலிருந்து வரும் காமாக் கதிருக்கு ஆட்டத்தில் ஒரு பக்கம் கிடையாது. எல்லாப் பக்கமும் சமம். பறப்பதற்கு முன்னாலும் இந்தச் சோதனையைச் செய்திருந்தோம், நேர்கோடுதான் வந்தது. அன்று இல்லாதது ஒன்றே ஒன்று. பேட்டரிப் பெட்டி. அது ஹைதராபாத்தில் கடைசி நேரத்தில் கூடையின் ஒரு பக்கத்தில் மாட்டியது. படிகங்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு படத்தில் தெரியாமலிருக்கப் படிக வட்டம் எப்போதும் சுழன்றது. பெட்டி சுழலவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

நாம் இரண்டு பேரும் அந்தப் பெட்டியைத் தூக்கி மாட்டினோம். மத்தியானம்வரை எண்ண விட்டோம். படம் வந்தது. அதே அலை, மைனி. அதே இரண்டு மேடு, அதே இரண்டு பள்ளம். மூலத்திலிருந்து வந்த கதிர்கள் அந்தப் பேட்டரிப் பெட்டியில் பட்டுத் திரும்பி, பெட்டியை ஒட்டிய படிகங்களிலும் அவற்றுக்கு நேரெதிர்ப் படிகங்களிலும் கூடுதலாக விழுந்துகொண்டிருந்தன.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டீர்கள். அழுகிறீர்கள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண்கள் காய்ந்துதான் இருந்தன. "நல்ல வேள, நம்ம கையாலேயே கண்டுபிடிச்சோம்" என்றீர்கள்.

வாசலில் அண்ணன் எழுந்து நின்றான். "என்ன ஆச்சு?"

"நாம பாத்தது நட்சத்திரம் இல்லங்க. நம்ம பேட்டரிப் பெட்டி."

அவன் யோசித்தான். "அப்ப அதக் கழத்திட்டு இன்னொருக்கா பாக்கப்பிடாதா?"

"பாக்கலாம். இன்னொரு பலூன் குடுத்தா."

கொடுப்பார்களா என்பதுதான் கேள்வி. அடுத்த வாரம் கமிட்டி வருவதாக இருந்தது. திட்டத்தை நீட்டிப்பதா, மூடுவதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இயக்குநர் உங்களைத் தனியே கூப்பிடவில்லை, என்னையும் வைத்துக்கொண்டே பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர். இருபது பேரின் வேலை அவர் தலையில் இருந்தது.

"டாக்டரே, பொய் சொல்ல நான் பறயல. அலை வந்தது உள்ளதுதானே? அதக் காட்டலாம். ஆராய்ஞ்சுட்டு இருக்கோம்னு சொல்லலாம். எக்ஸ்டென்ஷன் கிடைச்ச பிறகு சாவகாசமா திருத்திக்கலாம்."

நீங்கள் யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள். அதுவே எனக்கு ஆச்சரியம். அன்று மாலை கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, பழவங்காடி பக்கமாக நடக்கும்போதுதான் அந்த யோசனை யாருக்காக என்று தெரிந்தது.

"சுபா, நான் உள்ளதச் சொன்னா திட்டம் நின்னுரும். எனக்கு ஸ்திர வேலை, வேற ஏதாவது குடுப்பாவ. முதல்ல போறது உன் வேலை."

"தெரியும் மைனி."

"உனக்கு இந்த வேல பிடிச்சிருக்குல்லா."

"பிடிச்சிருக்கு."

கொஞ்ச தூரம் நடந்தோம். பூக்கடைக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். நானாகவே சொன்னேன். "வேல வேற கிடைக்கும் மைனி. நீங்க தப்பாச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா, அம்மா உங்க மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவா."

நீங்கள் சிரித்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தீர்கள். நான் சின்னப்பிள்ளை இல்லை, ஆனாலும் விடுவித்துக்கொள்ளவில்லை.

கமிட்டி நாளன்று அறைக்குள் போகும்முன் என்னிடம் தண்ணீர் கேட்டீர்கள். முழு பாட்டிலையும் குடித்தீர்கள். பயந்திருந்தீர்களா மைனி? கடைசிவரை நான் கேட்கவே இல்லை. உள்ளே போய் முதலில் அலையைக் காட்டினீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்ததாக ஹர்த்தால் அன்று எடுத்த படத்தை அதன் மேல் வைத்தீர்கள். "இரண்டும் ஒன்றே. எனவே நாங்கள் நண்டு நெபுலாவில் எதையும் பார்க்கவில்லை. இந்த அளவுக்கு மேல் ஆட்டம் இருந்திருந்தால் பார்த்திருப்போம், அந்த எல்லையை மட்டும்தான் எங்களால் சொல்ல முடியும்" என்றீர்கள். குரல் நடுங்கவில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டத்தை மூடினார்கள். நாம் பயந்தபடியே எல்லாம் நடந்தது. படிகங்களைப் பெட்டியில் வைத்துக் கட்டினோம். உங்களை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும், ஏன் கிடைத்ததுபோல் தோன்றியது என்பதையும் ஒரு சின்னக் கட்டுரையாக எழுதி என் பெயரையும் அதில் போட்டீர்கள். அதை யாரும் பெரிதாகப் படிக்கவில்லை. வீட்டில் அம்மா அதை வாங்கிப் பார்த்து, "இதுல ஒம் பேரு எங்க இருக்கு?" என்று உங்களிடம் கேட்டு, எழுத்துக்கூட்டித் தடவிப் பார்த்தாள்.

பிறகு உங்களுக்கு அந்த வலி வந்தது. ஆஸ்பத்திரி, மறுபடி ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்குக் கோபால்ட் சிகிச்சை என்றார்கள். முதல் நாள் சிகிச்சை முடிந்து சக்கர நாற்காலியில் வெளியே வந்ததும் என்னிடம் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "சுபா, உள்ள எனக்குக் குடுக்கது என்ன தெரியுமா? காமாதான்." சிரித்தீர்கள். "இவ்வளவு நாள் நான் அதப் பிடிச்சு வச்சேன். இப்ப அது என்னப் பிடிச்சு வச்சிருக்கு." அண்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். நீங்கள் கையைப் பின்னால் நீட்டி, கைப்பிடியில் இருந்த அவன் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

இயக்குநரும் வந்தார். ஓய்வு பெற்றிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தார், யாரும் கேட்காமலே. "அன்னு நீங்க கமிட்டில சொன்னப்ப எனக்கு நல்ல தேஷ்யம், கோபம் வந்தது" என்றார்.

"தெரியும் சார்."

"இப்ப இல்ல, கேட்டோ."

நீங்கள் ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டீர்கள். அந்த நாட்களில் வேறெதுவும் உங்களுக்கு இறங்கவில்லை. அந்தச் சுளை இறங்கியது.

நீங்கள் போய்விட்டீர்கள். மழைக்காலங்கள் சில கடந்துவிட்டன.

இப்போது செய்திக்கு வருகிறேன். அந்தச் செயற்கைக்கோள் அளந்ததில், நண்டு நெபுலாவின் காமாக் கதிர்கள் ஒரே பக்கமாக ஆடுவது உண்மை. ஆடும் திசை, அதன் நடுவில் சுழலும் நட்சத்திரத்தின் அச்சோடு ஒத்துப்போகிறதாம். கதிர்கள் அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே பிறக்கின்றன என்று அதிலிருந்து சொல்கிறார்கள். நீங்கள் கேட்டிருந்தால் உடனே அடுத்த கேள்வியை ஆரம்பித்திருப்பீர்கள். எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. நான் செய்தது ஒன்றுதான். நம் பேட்டரிப் பெட்டி காட்டிய திசையையும் அவர்களுடைய திசையையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தேன். இரண்டும் கிட்டத்தட்டக் குறுக்கே நிற்கின்றன. அன்று அந்த அலையைக் காட்டியிருந்தால், உலகத்துக்கு நாம் ஒரு நட்சத்திரத்தையே குறுக்காகத் திருப்பி வைத்துக் காட்டியிருப்போம்.

அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு சாலைக் கடைவீதிக்கு வந்தேன். கடையில் கூட்டம். அண்ணன் யாருக்கோ குழாய் அளந்துகொண்டிருந்தான். நீங்கள் போனபிறகு அவன் கடையைத் தவிர வேறெங்கும் போவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வாடிக்கையாளர் போகட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஆட்டம் உள்ளதுதானா?" என்றான்.

"உள்ளதுதான்."

"அவ இல்லைன்னுல்லா சொன்னா?"

"இல்லைன்னு சொல்லலண்ணே. நம்ம கருவில தெரியலைன்னு சொன்னாவ. தெரிஞ்சது நட்சத்திரம் இல்லைன்னு சொன்னாவ. ரெண்டும் சரி."

"சரியாத்தான் சொன்னாளா?"

"மைனி சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

அவன் அளவு நாடாவைச் சுருட்டினான். சுருட்டியதை மறுபடி இழுத்து மறுபடி சுருட்டினான். பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். நானும் பின்னாலேயே போனேன். நேரே பழவங்காடிப் பிள்ளையார் கோயில். ஒரு தேங்காய் வாங்கினான். மற்றவர்கள் எல்லாம் வேண்டுதலோடு நிற்கிற அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு ஓங்கி எறிந்தான். அது சிதறிய சத்தத்தில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கன்னமெல்லாம் தேங்காய்த் தண்ணீர் தெறித்திருந்தது. தேங்காய்த் தண்ணீர் மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை.

திரும்பி நடக்கும்போது, "அவ இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டான்.

உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. என்ன சொல்லியிருப்பீர்கள் மைனி? சந்தோஷப்பட்டிருப்பீர்களா? நாம் முதலில் பார்த்திருக்கலாமே என்று ஒரு நொடியாவது வருத்தப்பட்டிருக்க மாட்டீர்களா? பட்டிருந்தாலும் தப்பில்லை. நான் பட்டேன்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் சில பேர் புதிதாக ஒரு பலூன் கருவி கட்டுகிறார்கள். அதற்குத் தலைமை ஒரு பெண். உங்கள் சின்னக் கட்டுரையைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, அதில் இருந்த என் பெயரை வைத்து என்னைக் கண்டுபிடித்துப் போனில் பேசினாள். நம்மைப்போலவே அவர்களும் பேட்டரியை ஒரு பக்கமாகத்தான் மாட்ட இருந்தார்களாம். உங்களைப் பற்றி ரொம்ப நேரம் கேட்டாள். எப்படிப் பேசுவார்கள், கோபப்படுவார்களா, எதைச் சாப்பிடுவார்கள் என்றெல்லாம். நான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அவள், சித்திரையில் அதே ஹைதராபாத் மைதானத்திலிருந்து பலூன் ஏறுகிறது, முன்கூட்டியே வந்து சோதனைகளைப் பார்த்துத்தர முடியுமா என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடமும் கேட்டேன். கடையை யார் பார்ப்பது, எனக்கு அங்கே என்ன வேலை என்று நாலு காரணம் சொன்னான். அம்மா உள்ளேயிருந்து, "நீ போயிட்டு வா, அவ பாத்த எடத்த ஒருக்கா பாத்துட்டு வா" என்றாள். நேற்று அண்ணன் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போய் மூன்று டிக்கெட் எடுத்து வந்தான். மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "அம்மைக்குதான். அவளும் வாரேன்னுட்டா" என்றான்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மைனி. விடியற்காலையில் அந்த மைதானத்தில் நாங்கள் மூன்று பேரும் நிற்போம். பலூன் எழும்போது அம்மாவையும் அண்ணனையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வேன். என்ன நடக்கிறது, எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்களுக்குப் புரிகிறவரை சொல்வேன். ஏதாவது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உள்ளதை உள்ளபடி உங்களிடம் வந்து சொல்வேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
சுபா